ஸ்ரீரங்கன் எழுதிய கருணை மனு

ராயப்பேட்டை
6-11-1944

அண்ணா,

கையெழுத்தைப் பார்த்தவுடனே இதை அடுப்பில் போட்டுவிடாதே. கடைசி வரி வரை படி. அதற்குப் பிறகு எத்தனை குடம் வேண்டுமானாலும் தலையில் ஊற்றிக்கொள்.

நான் விஜயலக்ஷ்மி, உன்னோடு கூடப் பிறந்தவள். பதினாறு வயதில் தாலியறுத்து உன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தவள். இருபத்தோரு வயதில் எழுந்து போய்த் தனபாலனைக் கல்யாணம் செய்துகொண்டேன். மறுநாளே நீ கிணற்றடியில் பானையை உடைத்து, உயிரோடிருந்த எனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தலைமுழுகினாய். தெருவே வேடிக்கை பார்த்தது என்று கேள்விப்பட்டேன். அதற்காக இந்தப் பத்து வருஷத்தில் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் அதைக் கேட்க எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை தூக்கும் டெரிக் ஓட்டுகிறவர். அங்கே வடிவேலு என்று ஒரு மேஸ்திரி. கூலித் தகராறில் நாலு பேர் நடுவே அவன் சொன்னானாம்: "பாப்பாத்திய வச்சிக்கினு கீறே, அத்தப் போய் சம்சாரம்னு வேற சொல்லிக்கினு திரியிறியா?" இவர் அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் போய்க் கடப்பாரையால் ஒரே அடி அடித்துவிட்டார். அவன் அங்கேயே போய்விட்டான். அவனுக்கும் பெண்டாட்டி இருக்கிறாள். அவன் செத்தது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

அன்றைக்கே அடித்திருந்தால் ஆத்திரமாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து அடித்ததால் திட்டமாம். அவர் தூங்கவே இல்லை அண்ணா, பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியும். ஆனால் தூக்கு என்று சொல்லிவிட்டார்கள். அப்பீலும் போய்விட்டது. இனிக் கவர்னருக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி.

முப்பது வருஷம் ஹைகோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நீ. உன் இங்கிலீஷுக்காகவே மனுவை இரண்டாம் முறை படிப்பார்கள் என்று அந்த நாளில் வீட்டில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். நீ எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. எனக்கும் ஒன்று எழுதிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

விஜயலக்ஷ்மி

மயிலாப்பூர்
11-11-1944

உறையின் மேல் தெருவும் வீட்டு எண்ணும் மட்டுமே எழுதியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு உரியவள் பத்து வருஷத்துக்கு முன் பரமபதித்தாள். அவளுக்குச் செய்ய வேண்டியதைக் குறைவின்றிச் செய்து முடித்தேன். ஆகவே இது யாருக்கும் எழுதிய கடிதம் அன்று. கையில் கிடைத்தவர் படித்துக்கொள்ளலாம்.

வந்த கடிதத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. டெரிக். முன்னூறு வருஷத்துக்கு முன் லண்டனில் தூக்குப் போடும் உத்தியோகத்தில் இருந்தவனின் பெயர் அது. அவன் கட்டிய மரச்சட்டத்துக்கு அவன் பெயரே வந்து, பிறகு சுமை தூக்கும் யந்திரத்துக்கும் ஆயிற்று. இத்தனை காலம் அந்த மனிதன் எதன் கீழே நின்று சம்பாதித்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் இந்த விஷயத்தைப் பற்றிய இங்கிலீஷ் சொற்களையெல்லாம் தொகுத்து, மூலம் பார்த்து எழுதி வருகிறேன். 'மர்டர்' என்றால் ஆதியில் மறைவில் செய்தது. பட்டப்பகலில் துறைமுகத்தின் நடுவில் செய்ததற்கு அந்தப் பெயரே பழைய நாளில் கிடைத்திராது. 'எக்ஸிக்யூட்' என்றால் கடைசி வரை பின்தொடர்ந்து நிறைவேற்றுதல். நிறைவேற்றப்படுவது உத்தரவுதான், ஆள் அல்ல. இங்கிலீஷ்காரன் எவ்வளவு நாசூக்காகச் சொல்லி வைத்திருக்கிறான்!

மனு விஷயம். வீட்டில் என் பெண் ஜயத்துக்குத் தை மாதம் விவாகம். மாப்பிள்ளை வீடு தியாகராய நகர். பெரிய மனிதர்கள், ஆசாரம் உள்ளவர்கள். கல்யாண வீட்டில் அமங்கலப் பேச்சு கூடாது. முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஸ்ரீரங்கன்

ராயப்பேட்டை
14-11-1944

அண்ணா,

யாருக்கும் எழுதாத கடிதம் வந்து சேர்ந்தது. செத்தவளுக்குப் படிக்கத் தெரியும் என்று உனக்கு நினைவிருப்பதே பெரிது.

நீ எழுதியதை அஃப்சருன்னிசாவிடம் சொன்னேன். இந்த வீட்டின் முன்பகுதியில் குடியிருக்கிறவள். என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து எனக்கு ஒரு வேளையாவது சோறு போடுகிறவள். "ஒரு மன்ஷன் சாவக் கிடக்கறான், உங்கண்ணன் அர்த்தம் பாத்துக்கினு கீறாரா?" என்றாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாண வீட்டில் சாவு என்ற சொல் வரக்கூடாது, சரி. ஆனால் நீ நாளெல்லாம் உட்கார்ந்து அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறாய்? இங்கிலீஷில் எழுதினால் தீட்டு இல்லையா? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது போல அதை வாசலிலேயே மாட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்காரலாமா? அப்படியானால் நல்லதுதான். என் வீட்டுக்காரரின் சாவையும் இங்கிலீஷிலேயே எழுது. உன் மடிக்கு ஒன்றும் வராது.

இல்லை, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் கை இப்படிப் போகிறது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், சிரி. மனுவை எழுதிவிடு. பெரிய சொற்கள் எதுவும் வேண்டாம். இவர் ஒருவனை அடித்தார். பெண்டாட்டியைக் கேவலமாகப் பேசியதால் அடித்தார். அந்தப் பெண்டாட்டி நான்தான், அவர் உயிரைக் கேட்கிறேன். இவ்வளவுதான்.

அஃப்சருன்னிசாவின் அண்ணன் ஷாஹுல் ஹமீது வக்கீல் குமாஸ்தா. அவருக்கு இங்கிலீஷ் பார்த்து எழுதத் தெரியும், தானாக எழுத வராது. "மயிலாப்பூர் ஐயா எழுதினா வேற மாதிரி கீதும்மா, கோட்டையில அவர் கையெழுத்தையே தெரியும்" என்று அவர்தான் உன் பெயரை எனக்கு மறுபடியும் சொன்னார்.

விஜயலக்ஷ்மி

மயிலாப்பூர்
20-11-1944

எழுதித் தருகிறேன்.

காரணம் தேட வேண்டாம். இப்படி ஒரு மனு எழுதி நாலு வருஷம் ஆகிறது. பேனாவை எடுத்தபோது கை தானாக ஓடியது. 'மெர்ஸி' என்ற சொல்லுக்கு மூலத்தில் கூலி, விலை என்று பொருள். ஆகவே அதைத் தவிர்த்து வேறு சொல் போடுகிறேன். லாட் துரைக்கு விலை பேசுகிற மாதிரி இருக்கக் கூடாது. தூக்கை நிறுத்தி வைப்பதற்கு வழங்கும் 'ரிப்ரீவ்' என்பதும் முதலில் மீட்பு அல்ல, திரும்பச் சிறைக்கு அனுப்புவதுதான். அதையும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும்.

நிபந்தனைகள் உண்டு. இத்துடன் ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். அடியில், பென்சிலால் கோடு போட்ட இடத்தில், கையெழுத்துப் போட்டு அனுப்பவும். மேலே நான் எழுதி, நானே உறையில் போட்டு ஒட்டிக் கோட்டைக்கு அனுப்புவேன். குமாஸ்தாக்கள் யாரும் இடையில் பார்த்துத் திருத்தக் கூடாது. என் நடையில் அவர்கள் கைபட்டால் நான் எழுதியதாகவே இராது. பதில் என் விலாசத்துக்கே வரட்டும்.

இன்னொன்று. இந்த வீட்டு வாசலுக்கு யாரும் வரக் கூடாது. சம்பந்தி கேட்டபோது எனக்கு ஒரே தங்கை, சிறு வயதில் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொல்கிறவன் அல்லன். செய்ததைத்தான் சொன்னேன்.

ஸ்ரீரங்கன்

ராயப்பேட்டை
22-11-1944

அண்ணா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று ஷாஹுல் ஹமீது தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "என் அண்ணா என்னைத்தான் கொல்வான், என் கையெழுத்தைக் கொல்ல மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

நேற்று ஜெயிலில் அவரைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். உடம்பு பாதியாகிவிட்டது. "இன்னா விஜயா, உங்கண்ணன் எழுதிக்கினு கீறாரா?" என்றார். எழுதுகிறான் என்றேன். "நம்மளப் பத்தி நல்லா எழுதுவாரா?" என்று கேட்டுவிட்டு அவரே, "கூடப் பொறந்தவன் இல்ல, எழுதுவாரு" என்றார். அங்கே கைதியே தன் பெயரில் மனு போடலாமாம். எழுதித் தரட்டுமா என்று ஒரு வார்டர் கேட்டாராம். "எங்க மச்சான் எழுதுறாரு, ஹைகோர்ட்டு ஆளு" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

உன்னை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மச்சான் என்று சொல்லிக்கொள்கிறார். சீக்கிரம் அனுப்பு அண்ணா.

விஜயலக்ஷ்மி

மயிலாப்பூர்
28-12-1944

பதிலுக்குத் தாமதமாயிற்று. மனு கார்த்திகை பாதியிலேயே போயிற்று. மூன்று பக்கம். நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

கோட்டையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அது வந்த அன்று ஜயத்துக்கு நிச்சயதார்த்தம். கூடம் நிறையச் சம்பந்தி வீட்டுப் பெண்கள். சர்க்கார் முத்திரை போட்ட அமங்கலக் காகிதத்தை அந்த வேளையில் தொடுவார்களா? தபால்காரனையே கொல்லைப்புற மாடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பிறகு தேங்காய் பழம் கொண்டுபோய்க் கொடுப்பது, வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணி போவது என்று நாட்கள் போயின. நேற்றுத்தான் பிரித்தேன்.

மனுதாரர் கைதிக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். இன்றே பதில் எழுதிவிட்டேன், நான் எழுதியது சரியே என்று.

என்ன எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மனைவி என்று எழுத என்னால் இயலவில்லை. மந்திரமில்லை, அக்கினியில்லை, சுயமரியாதைக்காரர் மேடையில் மாலை மாற்றிக்கொண்டதைச் சட்டம் விவாகம் என்று ஒப்புக்கொள்வதில்லை. சாஸ்திரமோ கேட்கவே வேண்டாம். பொய்யை லாட் துரைக்கு முன் வைக்க மாட்டேன். ஆகவே மனுதாரரைக் காலஞ்சென்ற ஸ்ரீமான் சேஷாத்ரியின் விதவை என்று எழுதினேன். அது உண்மை; அக்கினி சாட்சியாக மணந்தவர் அவர்தான். சொல்லும் எவ்வளவு உயர்ந்த சொல்! 'வைஃப்' என்பதற்கு மூலம் என்னவென்று இங்கிலீஷ் பண்டிதர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. 'விடோ' அப்படியல்ல. நம் விதவா என்பதும் அதுவும் கூடப் பிறந்த சொற்கள். இரண்டு கண்டங்களிலும் மூவாயிரம் வருஷமாக மாறாமல் நிற்கிறது. அதைப் பற்றியும் பதிலில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். படிப்பவன் படித்தவனாக இருந்தால் ரசிப்பான்.

ஸ்ரீரங்கன்

ராயப்பேட்டை
5-1-1945

அண்ணா,

ஷாஹுல் ஹமீது கோட்டைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து இப்போதுதான் சொன்னார். கைதிக்கு யார் என்றே தெரியாத யாரோ ஒரு விதவை அனுப்பிய மனு என்று கட்டி வைத்துவிட்டார்களாம். "தங்கச்சி, அந்த ஆளு சம்சாரத்துகிட்டேந்து ஒண்ணும் வரலியேன்னு கேக்கறாங்கம்மா" என்று சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் அழுதார்.

வருகிற புதன்கிழமை காலை என்று நாள் வைத்தாகிவிட்டது.

உன் போன கடிதம் வந்தது முதல் அலைந்து, நேற்றுத்தான் ஜெயிலில் அவரிடம் புது மனுவில் கைநாட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாள் வைத்த பிறகு அது மேலே போகாது என்கிறார்கள். ஆனால் முதல் மனுவை எழுதியவரே வந்து, தவறு என்னுடையது, இவள் அவன் மனைவிதான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நாளைத் தள்ளி வைக்க இடமிருக்கிறது என்று ஷாஹுல் ஹமீது கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரே ஒரு வரி அண்ணா. திங்கள்கிழமை பத்து மணிக்குக் கோட்டை வாசலில் அவர் உனக்காக நிற்பார். உன்னைத் தொட மாட்டார், உன் வண்டியில் ஏற மாட்டார். நான் வரவே மாட்டேன்.

போன கடிதத்துக்கு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதில் திட்டு எதுவும் இல்லை, பார். உன் காலில் விழுகிறேன். ஜயத்தின் கல்யாணம் நன்றாக நடக்கட்டும். நான் செத்தவளாகவே இருக்கிறேன். திங்கட்கிழமை போய் எழுதிக் கொடு.

விஜயலக்ஷ்மி

மயிலாப்பூர்
12-1-1945

அன்புள்ள விஜயத்துக்கு ஸ்ரீரங்கன் ஆசீர்வாதம்.

உன் பெயரை எழுதி எத்தனை காலமாயிற்று! எழுதும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. நம் அம்மா உன்னை விஜயம் என்று கூப்பிடுகிற குரல் காதில் கேட்டது.

உன் கடிதம் வந்தபோது நாங்கள் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சீபுரம் போயிருந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் திரும்பினோம். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன்: ஊரில் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்த ஒரு வரி என் கையில் வராது. நீ என்னைக் கோபிப்பாய். சில நாளில் தணிந்துவிடும்.

நடந்தது நடந்துவிட்டது. மார்கழியில் போகிறவர்களுக்கு வைகுண்ட வாசல் திறந்தே இருக்கும் என்பார்கள். அந்த மனிதனுக்கும் அந்த மட்டில் நல்ல காலம். இனி நீ யாரென்று எனக்கும் குழப்பமில்லை, உலகத்துக்கும் இல்லை. முன்பு என்னவாக இருந்தாயோ அதுவாகவே ஆகிவிட்டாய். பிராயச்சித்தத்துக்கு வழி உண்டு என்று சாஸ்திரிகள் சொல்கிறார். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜயத்தின் கல்யாணம் முடிந்ததும், ஆரவாரம் அடங்கிய பிறகு, இருட்டினபின் கொல்லைப்புறமாக வந்துவிடு. நாவிதனுக்கும் சொல்லி வைக்கிறேன். ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு நார்மடிப் புடவை. உன் அண்ணா இருக்கும்வரை உனக்கு அதற்குக் குறைவு வராது.

ஒரு சின்ன விஷயம். மனசு சரியானபின் எழுது, அவசரமில்லை. ஜெயில் வாசலில் உங்களிடம் சேதி சொன்ன உத்தியோகஸ்தர் இங்கிலீஷில் என்ன சொல் உபயோகித்தார்? புத்தகத்தில் இருப்பது ஒன்று, வாயில் வழங்குவது ஒன்று. என் தொகுப்புக்கு உதவும்.

ஸ்ரீரங்கன்

ராயப்பேட்டை
22-1-1945

அண்ணா,

நீ கேட்டதற்குப் பதில். இங்கிலீஷில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசல் கதவைப் பாதி திறந்து, "தனபாலன் பாடி யாரும்மா வாங்குறது?" என்று ஒருவர் கேட்டார். நான் என்றேன். "நீ இன்னா வேணும் அவருக்கு?" என்று கேட்டார். சம்சாரம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான். மந்திரம் சொன்னார்களா, அக்கினி வளர்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பிணத்தைக் கேட்டபோது அந்தச் சொல் செல்லுபடியாயிற்று. உயிரைக் கேட்டபோது அதை எழுத உனக்குக் கை வரவில்லை.

கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாங்கள் நேராக வைக்க வைக்க அது சாய்ந்துகொண்டே இருந்தது. ஷாஹுல் ஹமீதும் அவர் சிநேகிதர்களும் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொள்ளி வைக்க ஆளில்லை என்றார்கள். நான் வைத்தேன். ஜெயிலில் கடைசியாகப் பார்த்தபோது அவர் என்ன கேட்டார் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். "உங்கண்ணன் மனுவ இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டச் சொல்லேன், கேட்டுட்டுப் போறேன்" என்றார். அதில் தன்னைப் பற்றி நல்லதாக ஏதோ எழுதியிருக்கிறது என்று நம்பியே போனார். நானும் சொல்லவில்லை.

உன் பின்கட்டுக்கு நான் வரப்போவதில்லை. அழுதுகொண்டு இதை எழுதவில்லை. உன்னை எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா; வெறுக்கிறேன். அதைச் சொல்ல எனக்குத் தமிழே போதும்.

இவர் சாதியில் பதினாறாம் நாள் கருமாதி. அதற்குப் பத்திரிகை அச்சடித்து உற்றார் உறவினருக்கெல்லாம் அனுப்புவது வழக்கம். உறவுமுறை எல்லோர் பெயரும் அடியில் வர வேண்டும். இவர் பக்கத்தில் யாருமில்லை. ஆகவே என் பக்கத்து உறவைப் போட்டேன். ஓரமெல்லாம் கறுப்பு மை அடித்து, நடுவில், ஜெயிலில் தூக்கிலிடப்பட்டுக் காலமான தனபாலன் அவர்களின் கருமாதி என்று போட்டிருக்கிறது. அடியில் மனைவி விஜயலக்ஷ்மி. மைத்துனர், மயிலாப்பூர் ஸ்ரீரங்கன், ஹைகோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். மைத்துனர் மகள் ஜயலக்ஷ்மி.

முதல் பத்திரிகையைத் தியாகராய நகருக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போட்டேன். விலாசம் கண்டுபிடிப்பது ஷாஹுல் ஹமீதுக்குக் கஷ்டமாகவே இல்லை. பிறகு உன் தெருவில் வீட்டுக்கு வீடு.

ஜயம் என்ன பாவம் செய்தாள் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நான் சோறூட்டிய குழந்தை அவள். பெயரை அச்சுக்குக் கொடுக்கிறபோது எனக்கு அது தெரியும். அஃப்சருன்னிசாகூட, "அந்தப் பொண்ணு பேரு வேணாம்மா, பாவம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எடுக்க மாட்டேன் என்றேன். அவள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பத்திரிகை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொற்களைத் திருத்துகிறவன். ஏதாவது பிழை இருந்தால் சொல். மற்றதெல்லாம் நேற்றே தபாலில் போய்விட்டது.

இப்படிக்கு,
தனபாலன் மனைவி
விஜயலக்ஷ்மி